ஏலத்துக்குத் திரும்பாத பரங்கிக்காய்

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷம் தயங்கினேன். எட்டாவது வரைதான் படிப்பு. உறவுக்காரர் யாராவது படித்து மனம் நோவார்களோ என்ற பயம் வேறு. ஆனாலும் கர்த்தர் எனக்குச் செய்த நன்மையை மூடி வைக்க மனசு வரவில்லை.

அம்மா ஆஸ்பத்திரியில் இறந்தபோது எனக்கு ஏழு வயது. அப்பா அதற்கு முன்பே போய்விட்டார். கீழ்பென்னாத்தூர் பெரியம்மா கொஞ்ச நாள் வைத்திருந்து தாய்மாமன் வீட்டுக்கு அனுப்பினாள். அவர் என்னைச் சித்தி வீட்டுக்கு அனுப்பினார். கடைசியில், ஆஸ்பத்திரியில் அம்மாவுக்குப் பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்த வேங்கிக்கால் தையல்காரம்மா தேடி வந்து என்னைக் கூட்டிப்போனார். சொந்தமில்லை, ஆனாலும் அத்தை என்று கூப்பிடச் சொன்னார். நான் கூப்பிட்டேன், துணிப்பையை மட்டும் பிரிக்கவில்லை. எப்படியும் மறுபடி கட்டவேண்டியதுதானே.

அந்த வருஷ அறுப்பின் பண்டிகைக்கு, வீட்டுக்குப் பின்னால் நான் தண்ணீர் ஊற்றிய கொடியில் காய்த்த பரங்கிக்காயைச் சர்ச்சுக்குத் தூக்கிப்போனேன். ஆராதனை முடிந்ததும் மல்லாட்டை என்கிற வேர்க்கடலை மூட்டை, வாழைத்தார், கோழி எல்லாம் ஏலத்துக்கு வரும். ஏலம் எடுத்தவர் பொருளை வீட்டுக்குக் கொண்டுபோகாமல் "ஆண்டவருக்கே" என்று திரும்ப வைத்துவிடுவார். மறுபடி ஏலம் போகும்; ஒவ்வொரு தடவையும் பணம் சர்ச்சுக்குச் சேரும். அப்படிக் கொடுப்பதுதான் அங்கே மரியாதை. எனக்கு அது தெரியாது.

என் காயை ஒருவர் எடுத்தார், திருப்பி வைத்தார். இன்னொருவரும் அப்படியே.

"பாருங்க, மாமியார் வூட்டுக்குப் போன பொண்ணாட்டம் போன வேகத்துல வந்துடுச்சு!" என்றார் ஏலம் விட்ட உபதேசியார். சபையே சிரித்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

அடுத்து அத்தை ஏலம் எடுத்தார். ஓடிப்போய் அவர் புடவையைப் பிடித்துக்கொண்டேன்.

"அத்தே, நீங்களும் திருப்பிக் குடுத்துடாதீங்க."

அத்தை என்னையே பார்த்தார்.

"இன்னாம்மா, ஆண்டவருக்குத்தானே? கொண்டாங்க" என்றார் உபதேசியார்.

"இல்லீங்கய்யா. இது எங்க வூட்டுக்கு."

"வருஷா வருஷம் குடுப்பீங்களே?"

"இந்த வாட்டி குடுக்கறதா இல்லீங்க."

அத்தையின் வீட்டுக்காரர் தலையில் கைவைத்துக்கொண்டார். "போச்சுடா, இனிமே தெனம் கூட்டுதான்!"

வீட்டுக்கு வந்ததும் அத்தை காயைத் தையல் மெஷினுக்கு அடியில் வைத்தார். பிறகு மூலையிலிருந்த என் துணிப்பையை அவிழ்த்து, பாவாடை சட்டைகளைத் தன் புடவைகளோடு அலமாரியில் அடுக்கினார். பையை உதறி, வெட்டுத்துணி போட்டு வைக்க எடுத்துக்கொண்டார்.

ஒரு காய்க்காகத்தான் அழுதேன் என்றே வெகுகாலம் நினைத்திருந்தேன். எதற்காக அழுதேன் என்று அன்றைக்கே அத்தைக்குத் தெரிந்திருந்தது.

இதை யாருக்காவது சொல்வதானால் நடந்தபடியே சொல்லுங்கள். பெரியம்மாவைப் பொல்லாதவளாக்க வேண்டாம். அவளுக்கும் நாலு பிள்ளைகள். அத்தை ஆண்டவருக்குக் கொடுக்காமல் போனார் என்றும் சொல்ல வேண்டாம். கூட்டு தின்று மூன்று பேருக்கும் சலித்துப்போனதைச் சேர்த்தே சொல்லுங்கள்.