பூஜையில் வைத்த பிளாப்பிகள்

கல்லூரி அறிவிப்புப் பலகையில் அந்தத் தாள் பல நாளாகத் தொங்கிக்கொண்டிருந்தது. "கணினியும் தமிழாய்வும்: வரவிருக்கும் உரைகள், பயிலரங்குகள்" என்று தலைப்பு. தமிழ்த் துறையில் ஒருவரும் அதைச் சீந்தவில்லை. கணினி என்றால் கணக்குத் துறைக்காரர்கள் சொத்து, நமக்கென்ன என்று எல்லோரும் அதைத் தாண்டி டீ குடிக்கப் போனார்கள். நான் மட்டும் அதன் முன்னால் நின்று திரும்பத் திரும்பப் படித்தேன். இன்று இந்தத் துறைக்கு டிஜிட்டல் அது இது என்று பெரிய பெயரெல்லாம் வந்துவிட்டது. தொண்ணூறுகளின் நடுவில், திருவண்ணாமலையில், அதற்குப் பெயர் "அந்தம்மாவோட பைத்தியம்".

அந்தப் பைத்தியம் என்னவென்று சொல்லிவிடுகிறேன். பழைய கல்வெட்டுகளில் கோயிலுக்கு விளக்கெரிக்க ஆடு கொடுத்தவர்கள், நிலம் கொடுத்தவர்கள், பொன் கொடுத்தவர்கள் என்று எத்தனையோ பேர் இருக்கிறார்கள். அவர்களில் பெண்கள் யார் யார், எந்த ஊர்க்காரர்கள் என்று கேட்டால் சட்டென்று சொல்ல ஆள் கிடையாது. அச்சில் வந்த கல்வெட்டு வாசகங்களை வரி வரியாகக் கணினியில் ஏற்றிவிட்டால் போதும். 'ஆடு' என்று தட்டினால் ஆடு கொடுத்தவர்கள் அத்தனை பேரும் திரையில் வந்து நிற்பார்கள். முதல்முறை அப்படி ஒருத்தி வந்து நின்றபோது அவள் பெயரை வாய்விட்டுப் படித்தேன். எந்தக் காலத்திலோ செத்துப்போனவள், நான் கூப்பிட்டதும் வந்துவிட்டாள். அந்த மயக்கத்தில்தான் வருடக்கணக்காக அந்த இயந்திரத்தின் முன்னால் உட்கார்ந்தேன்.

நான் அப்போது தற்காலிக விரிவுரையாளர். கல்லூரியில் இருந்ததே ஒரு கணினி அறை. செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். வகுப்பு முடிந்த பிறகு, அலுவலகத்துக்காரர்களுக்கு வேலை இல்லாதபோது, எனக்கு ஒரு மணி நேரம் கிடைக்கும். ஹார்ட் டிஸ்கில் எனக்கு இடம் தர மாட்டார்கள். "உங்க கல்வெட்டையெல்லாம் உங்க பிளாப்பிலயே வச்சிக்கோங்க மேடம், இங்க இடம் கம்மி" என்பார் அந்த அறையைப் பார்த்துக்கொண்டவர். அட்டை போல வளையும் அந்தக் காலத்துப் பெரிய பிளாப்பிகள், ஒவ்வொன்றும் ஒரு காகித உறையில். எதற்கும் இருக்கட்டும் என்று எல்லாவற்றுக்கும் இன்னொரு பிரதியும் எடுத்திருந்தேன். பெரிய புத்திசாலி மாதிரி இரண்டையும் ஒரே டப்பாவில் போட்டு வீட்டில் வைத்திருந்தேன்.

அந்த அறிவிப்பில் கடைசியில் ஒரு வரி இருந்தது. சென்னையில் நடக்கும் பயிலரங்கில் உரையாற்றுபவர்களில் ஒருவரைத் தேர்ந்தெடுத்து, கல்வெட்டுகளைக் கணினியில் ஏற்றும் ஒரு வருட வேலை தருவார்களாம். சொந்த ஊரிலேயே இருந்து செய்யலாம், கணினியும் அவர்களே அனுப்புவார்கள். எழுதிப் போட்டேன். பேச வரச் சொல்லி பதில் வந்தது. வரும்போது செய்து காட்டத் தோதாகத் தரவுகளைக் கொண்டுவரவும் என்று அடிக்கோடிட்டிருந்தார்கள்.

என் கணவர் கலெக்டர் ஆபீசில் வேலை பார்த்தார். கெட்ட மனிதர் இல்லை, ஆனால் பொறுமை போய்விட்டிருந்தது. "இதோட கடைசி," என்றார். "மெட்ராஸ்ல எடுத்தாங்கன்னா செய். இல்லைன்னா தை பொறந்ததும் பெரியப்பா ஸ்கூல்ல சேர்ந்துடு. அப்புறம் இந்தக் கம்ப்யூட்டர் பேச்சே இந்த வீட்ல எடுக்கக்கூடாது, சொல்லிட்டேன்." அந்தப் பள்ளியை எனக்குத் தெரியும். காலையில் போனால் விளக்கு வைக்கும்போதுதான் விடுவார்கள். ஞாயிற்றுக்கிழமையும் டியூஷன். அங்கே சேர்ந்தால் என் ஆய்வுக்கு அதோடு முழுக்கு.

மாமியார் இந்தப் பேச்சில் எல்லாம் தலையிட மாட்டார். எங்கள் வீடு டவுனுக்கு வெளியே, அடி அண்ணாமலை கிராமத்தில். அவருக்குத் தெரிந்ததெல்லாம் நிலமும் மாடும்தான், எழுதப் படிக்கத் தெரியாது. "கல்லுல எழுதனத எதுக்கும்மா மறுபடி டப்பால எழுதற?" என்று ஒருமுறை கேட்டார். நான் சொன்ன விளக்கம் அவருக்குப் பிடிபடவில்லை. அதன் பிறகு கேட்கவும் இல்லை.

பயிலரங்கு விஜயதசமிக்கு மறுநாள். ஆயுத பூஜையன்று காலையில் பொரி, பொட்டுக்கடலை, வாழைக்கன்று, பூசணிக்காய் வாங்க நான்தான் டவுனுக்குப் போனேன். தேரடி வீதியில் கூட்டம் அப்பிக் கிடந்தது. பஸ் பிடித்துத் திரும்பி வரும்போது உச்சி வெயில். பூஜை அறையில் மாமியார் எல்லாவற்றையும் அடுக்கி முடித்திருந்தார். அரிவாள், மண்வெட்டி, படி, சைக்கிள் சாவி. இன்னொரு பக்கம் மணைமேல் வெள்ளைத் துணி விரித்து என் புத்தகங்கள். புத்தகங்களுக்கு முன்னால், உறையிலிருந்து ஒவ்வொன்றாக வெளியே எடுத்து, சீட்டுக்கட்டைப் பரப்பியதுபோல என் பிளாப்பிகள். ஒன்றுவிடாமல் எல்லாவற்றுக்கும் குழைத்த சந்தனம், அதன்மேல் குங்குமம். அந்தப் பிளாப்பிகளில் உள்ளே இருக்கும் தகடு வெளியே தெரிய ஒரு நீள ஓட்டை இருக்கும். இயந்திரம் அந்த இடத்தைத் தொட்டுத்தான் படிக்கும், விரல்கூடப் படக்கூடாது. பொட்டு வைக்கத் தோதான இடம் என்று அங்கேயே பார்த்து வைத்திருந்தார். மஞ்சள் தண்ணீரும் தெளித்திருந்தார்.

பையை அப்படியே போட்டுவிட்டேன். பொரி சிதறியது.

"ஐயோ அத்தை, என்னா பண்ணி வச்சிருக்கீங்க?"

"என்னா பண்ணேன்? உன் புஸ்தகத்தோட சேத்து வச்சேன்." அவர் முகத்தில் அவ்வளவு சந்தோஷம். "நீ படிச்ச படிப்பெல்லாம் இதுக்குள்ளதான கீது? மெட்ராஸ் போற, சரஸ்வதி கண்ணுல பட்டுட்டுப் போவட்டும்னு வச்சேன்."

"இத இப்பவே தொடைக்கணும் அத்தை. ஈரமா இருக்கும்போதே எடுத்தாத்தான் ஆவும்."

கையை நீட்டினேன். அவர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "பூஜையில வச்சத இன்னிக்குத் தொடக்கூடாதும்மா. நாளைக்கு மறுபூஜை பண்ணிட்டு எடு. நல்லதுக்குப் போறவ இப்படிப் பண்ணலாமா?"

நான் கணவரைப் பார்த்தேன். அவர் சைக்கிளுக்கு மாலை கட்டிக்கொண்டிருந்தார். "ஒரு நாளுதான? சந்தனத்ததான வச்சாங்க, நெருப்பா வச்சாங்க?" என்றார்.

பிடுங்கி எடுத்திருக்கலாமே என்று இன்றைக்கு என் மாணவிகள் கேட்கிறார்கள். சொல்வது சுலபம். சரஸ்வதி முன்னால் வைத்த புத்தகத்தை அன்று தொட்டால் படிப்பு வராது என்று கேட்டே வளர்ந்தவள் நான். முனைவர் பட்டம் வாங்கினாலும் அந்தப் பயம் எங்கே போகும்? இத்தனை வருடத்தில் ஒருநாள்கூட நான் செய்வதைப் படிப்பென்று மதிக்காத வீடு, அன்றைக்குத்தான் மதித்துப் புத்தகத்தோடு உட்கார வைத்திருந்தது. நான் கும்பிட்டேன். கற்பூரம் காட்டும்போது கண்ணை மூடவில்லை. சந்தனம் ஓரத்தில் காய்ந்து வெளுத்துக்கொண்டே வருவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

மறுநாள் காலை மறுபூஜை முடிந்ததும் பஞ்சும் துணியுமாக உட்கார்ந்தேன். மேலே இருந்த பொட்டு பொருக்குப் பொருக்காக வந்துவிட்டது. உள்ளே தகட்டில் இறங்கியது வரவில்லை. துடைக்கத் துடைக்கக் குங்குமம் இன்னும் பரவியது. கல்லூரி விடுமுறை. டவுனில் கல்யாணப் பத்திரிகை அடிக்கும் டிடிபி கடைக்காரன் நல்ல நாள் என்று திறந்திருப்பான் என்ற நம்பிக்கையில் ஓடினேன். திறந்திருந்தான். அவன் கம்ப்யூட்டருக்கும் சந்தனப் பொட்டு வைத்து, கதம்பம் சாத்தியிருந்தான்.

"என்னக்கா இது, பிளாப்பிக்குப் பொட்டு வச்சி எடுத்துட்டு வந்துக்கிறீங்க?"

"போட்டுப் பாருங்க தம்பி. ஒண்ணே ஒண்ணு."

அவனுக்கு மனசில்லை. இருந்தாலும் என் முகத்தைப் பார்த்துவிட்டுப் போட்டான். இயந்திரம் கரகரவென்று அரைத்தது. படிக்க முடியவில்லை, மறுபடி முயலவா, விட்டுவிடவா என்று ஆங்கிலத்தில் கேட்டது. மறுபடி, மறுபடி என்று நான் சொல்லிக்கொண்டே இருந்தேன். கடைசியில் அவன் வெளியே எடுத்துவிட்டான். "இதுக்கு மேல போட்டா என் டிரைவ் போயிடும்க்கா. கல்யாண சீசன். கோவிச்சிக்காதீங்க." பிரதிகளையாவது பார் என்று கெஞ்சினேன். அவற்றின் பொட்டையும் பார்த்துவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டான்.

வீட்டில் ஒன்றும் சொல்லவில்லை. சென்னையில் பெரிய ஆட்கள் இருப்பார்கள், ஏதாவது வழி வைத்திருப்பார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பஸ்ஸில் செஞ்சி தாண்டும்வரை டப்பாவை மடியில் வைத்து அழுதுகொண்டே போனேன். பக்கத்தில் இருந்த அம்மா யாரோ இறந்துவிட்டார்கள் என்று நினைத்து எனக்குத் தண்ணீர் கொடுத்தார்.

பெரிய ஆட்கள் இருக்கத்தான் செய்தார்கள். வழிதான் இல்லை. அங்கிருந்த இளைஞர் ஒருவர் எல்லாப் பிளாப்பிகளையும் பொறுமையாகப் பார்த்தார். இரண்டொன்றில் கோப்புகளின் பெயர்கள் மட்டும் திரையில் வந்தன. திறந்தால் ஒன்றும் இல்லை. நான் கூப்பிட்டால் வருகிற என் பெண்கள் எல்லோரும் அதற்குள்தான் இருந்தார்கள், ஒருத்தியும் வரவில்லை.

என் முறை வந்தபோது கரும்பலகையில் எழுதிக் காட்டிப் பேசினேன். விளக்கு, ஆடு, நிலம், கொடுத்தவள், ஊர். முடித்ததும் தலைமை வகித்த பேராசிரியர் கேட்டார்: "நல்ல உழைப்பும்மா. ஆனா இதுல கணினி எங்க இருக்கு? இதைக் கையாலயே செஞ்சிடலாமே?" அரங்கில் மெல்லிய சிரிப்பு. ஏன் என்ன ஆயிற்று என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் என்ன சொல்வேன்? என் மாமியார் சாமி கும்பிட்டார் என்றா? அவர்கள் சிரித்திருப்பார்கள். அவரைப் பார்த்து அந்தக் கூட்டம் சிரிப்பதை என்னால் தாங்கியிருக்க முடியாது, அவர்மேல் எனக்கு அவ்வளவு ஆத்திரம் இருந்தும்கூட. அந்த வேலை மாலையில் வேறொருவருக்குப் போனது. அவர் திரையில் எல்லாம் ஒழுங்காக ஓடியது.

திரும்பும் பஸ்ஸில் அழவில்லை. மாமியாரிடம் சொல்ல வேண்டியதை மனசுக்குள் அடுக்கிக்கொண்டே வந்தேன். எதையும் விட்டுவைக்கப் போவதில்லை. வருடக்கணக்கான உழைப்பை ஒரு பொட்டில் அழித்தது யார் என்று அவருக்கும் தெரியட்டும், அவர் பிள்ளைக்கும் தெரியட்டும்.

வாசலிலேயே இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். என் முகத்தைப் பார்த்ததும் மாமியாருக்குப் புரிந்துவிட்டது. "கெடைக்கலியாம்மா?" என்றார்.

"இல்லைங்க அத்தை."

கணவர் எழுந்தார். "சரி வுடு. நாளைக்கே பெரியப்பாகிட்ட சொல்லிடறேன். பேசனபடி."

நான் வாயைத் திறந்தேன். அதற்குள் மாமியார் அவரைத் திரும்பிப் பார்த்தார்.

"என்னாடா பேசனபடி? ஒரு வாட்டி வெளைச்சல் போச்சின்னா நெலத்த வித்துட்டா போவோம்? இன்னொரு வருஷம் பண்ணட்டும் அவ. நான் சொல்றேன்." பிறகு என் பக்கம் திரும்பிக் குரலைத் தணித்தார். "இந்த வருஷம் அவசரத்துல பூஜை சரியாப் பண்ணல போலக்குது. அடுத்த வருஷம் எல்லாத்துக்கும் நானே இன்னும் நல்லா பொட்டு வச்சிக் குடுக்கறேன். அழாதம்மா."

அந்த வீட்டில் அவர் சொல்லை மீற ஆள் கிடையாது. கணவர் உள்ளே போனார், அவ்வளவுதான், எனக்கு ஒரு வருடம் கிடைத்துவிட்டது. நான் அடுக்கி வைத்திருந்ததில் ஒரு வார்த்தை சொல்லியிருந்தாலும் போதும், அவர் கூனிக் குறுகி அதன் பிறகு எனக்காக வாயே திறந்திருக்க மாட்டார். முதல் கல்வெட்டின் முதல் வரியிலிருந்து மறுபடி தட்ட வேண்டும் என்பது அப்போதுதான் எனக்கு முழுசாக உறைத்தது. அவர் தோளில் சாய்ந்து ஓவென்று அழுதேன். சந்தோஷத்தில் அழுகிறேன் என்று அவர் நினைத்துக்கொண்டு என் முதுகைத் தட்டிக்கொண்டே இருந்தார்.