பேணிக்கு ஐம்பது கிராம்

பிழை என்னுடையது. அதை றஹீமாவின் தலையில் கட்டியவனும் நான்தான்.

எவ்வளவு எளிதாக எழுதிவிட்டேன், பாருங்கள்! நான்கு வருடம் வாய் திறக்காதவனுக்கு இன்று எங்கிருந்து வந்தது இந்த யோக்கியம்? நம்பிவிடாதீர்கள். அவள் முன்னால் போய் நிற்கத் துணிவில்லாமல்தான் முகம் தெரியாத உங்களிடம் கொட்டுகிறேன்.

உப்புவெளிக் கடற்கரை ஹோட்டல் ஒன்றில் நான் தலைமைச் சமையற்காரன். டோஹாவில் ஏழு வருடம் இருந்தவன். சான்றிதழுக்குச் சட்டம் போட்டுக் குசினிச் சுவரில் மாட்டியவன். றஹீமா கிண்ணியாவிலிருந்து முதல் பஸ்ஸில் வந்து காலைச் சாப்பாட்டுக்கு இடியப்பம் அவிப்பாள். எல்லாவற்றையும் ஒரு பழைய பால்பேணியால் அளப்பாள். அந்த நெளிந்த தகரத்தைக் கண்டாலே எனக்கு இளக்காரம்... இதுவும் ஓர் அளவா?

ஒருநாள் அவளிடம் கணக்குக் கேட்டேன். இருபது பேணி மா, பன்னிரண்டு பேணி கொதிதண்ணீர் என்றாள். பேணியை வாங்கி, களஞ்சிய அறையில் இருந்த மா மூட்டையில் கோலி, தட்டி நிரப்பித் தராசில் வைத்தேன். நூற்றெண்பது கிராம். இருபதால் பெருக்கி, மா மூன்று கிலோ அறுநூறு, தண்ணீர் அதே பன்னிரண்டு பேணி என்று அட்டையில் அச்சடித்து, கீழே என் பெயரையும் போட்டேன்.

நான் நிறுத்தது மூட்டையில் இருந்த அவிக்காத மா. அவள் அளப்பது அவித்து அரித்த மா. எங்கள் பக்கத்தில் கோதுமை மாவை அவித்து, கட்டி உடைத்து, அரித்த பிறகுதான் இடியப்பத்துக்கு அளப்பார்கள். அரித்த மா பொலபொலவென்று பேணியில் நிற்கும், பாரம் குறைவு. என் வீட்டிலும் அப்படித்தான்... ஆனால் சான்றிதழ் வாங்கிய மேதைக்கு அது நினைவில் வரவில்லை!

மறுநாள் காலை கலியாண வீட்டார் நாற்பது பேர் சாப்பிட இருந்தார்கள். றஹீமா அவித்த மாவை அட்டைப்படி நிறுத்துக் குழைத்தாள். விரலால் அமர்த்திப் பார்த்தாள்.

“சேர், மா கூடிட்டு. இடியப்ப உரல்ல புழிய ஏலாது. இன்னும் கொஞ்சம் தண்ணி விடட்டா?”

“அட்டையில உள்ளபடி செய்யுங்கோ. உங்கட கைக்கணக்கு இனி வேண்டாம்.”

நூலாக விழவேண்டியது துண்டு துண்டாக விழுந்தது. மாப்பிள்ளையின் தகப்பன் ஒரு வாய் வைத்துவிட்டுத் தட்டைத் தள்ளினார். முதலாளி குசினிக்குள் வந்து யார் செய்தது என்று கேட்டார். றஹீமா என்றேன். பொய் இல்லைதானே?

மத்தியானம், மிஞ்சிய அவித்த மாவைப் பேணியில் போட்டு நிறுத்தேன். நூற்று முப்பது. பேணிக்கு ஐம்பது கிராம் பிழை. இருபது பேணிக்கு ஒரு கிலோ. அவள் அப்போது பின்வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு நின்றாள். நாளையிலிருந்து வரவேண்டாம் என்று முதலாளி சொல்லியிருந்தார். பத்தடி தூரம். ஒரு வார்த்தை போதும்... நான் தராசைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த நாள் புதிய அட்டை, இரண்டு கிலோ அறுநூறு. இடியப்பம் பூப்போல வந்தது. முதலாளி தோளில் தட்டினார். நானும் வெட்கமில்லாமல் பல்லைக் காட்டினேன். அவள் விட்டுப்போன பேணியால்தான் இன்றைக்கும் அந்த அட்டையைச் சரிபார்க்கிறேன்.

போன மாதம் கிண்ணியாப் பாலத்தடியில் அவளைக் கண்டேன். ஏசுவாள் என்று பயந்தேன். சுகம் விசாரித்தாள். இப்போதும் இடியப்பம் அவிக்கிறீர்களா என்று வாய் தவறிக் கேட்டுவிட்டேன்.

“இல்ல சேர். அண்டைக்குப் பிறகு மா குழைக்கவே பயம். ஊட்டுல மகள்தான் செய்யிற. என்ட கைக்கு அளவு மறந்திட்டு.”

அப்போதாவது சொல்லியிருக்கலாம். நான் என்ன சொன்னேன் தெரியுமா?

“ஓம், வயது போனா அப்படித்தான்.”

தலையை ஆட்டினாள். நம்பிவிட்டாள். அவள் என்னைவிட மூன்று வயது இளையவள்.