ஊருக்குப் போகிற மாத்திரை

எங்கள் அலுவலகத்தில், ஒரே மருத்துவர் தனியாக நடத்தும் சின்ன கிளினிக்குகளைக் 'கம்போங்' என்று சொல்வார்கள். சிங்கப்பூரில் கிராமம் ஏது என்று கேட்காதீர்கள். காகித அட்டையும் ரப்பர் பேண்டும் எங்கே இருக்கின்றனவோ அங்கே கிராமம் இருக்கிறது என்பது என் மேலாளரின் கணக்கு. அந்தக் கிளினிக்குகளைக் கணினிக்கு மாற்றிக் கொடுப்பது என் வேலை. மென்பொருளை நிறுவ வேண்டும், பழக்க வேண்டும், நோயாளிகளின் விவரங்கள் நாடு முழுவதற்குமான பொதுப் பதிவுக்குப் போய்ச் சேர்கின்றனவா என்று பார்க்க வேண்டும். போய்ச் சேர்ந்துவிட்டால், ஒரு நோயாளி எந்த மருத்துவமனையில் போய்ப் படுத்தாலும் அங்குள்ள மருத்துவர் எல்லாவற்றையும் திரையில் பார்த்துக்கொள்ளலாம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

எனக்குத் தமிழ் தெரியும் என்ற ஒரே காரணத்துக்காகத் தேக்கா வட்டாரம் முழுவதும் என் தலையில் விழுந்தது. அதில் சிராங்கூன் ரோட்டை ஒட்டிய சந்தில் இருந்த ஒரு கிளினிக் என்னைப் படுத்திய பாடு கொஞ்சநஞ்சமல்ல. ஒரு பக்கம் நகைக்கடை, இன்னொரு பக்கம் மளிகைக்கடை, நடுவில் அது. டாக்டர் அறுபதைத் தாண்டியவர், இங்கேயே பிறந்த தமிழ் முஸ்லிம். அவருடைய நோயாளிகளில் பாதிப் பேர் ஊரிலிருந்து வந்த கட்டுமானத் தொழிலாளிகள். ஞாயிற்றுக்கிழமைகளில் வரிசை நகைக்கடை வாசலை மறைக்கும், நகைக்கடைக்காரர் வந்து சத்தம் போடுவார்.

"எனக்கு மனுசனப் பாக்கத் தெரியும்மா. இந்தப் பொட்டியப் பாக்கத் தெரியாது," என்று டாக்டர் முதல் நாளே சொல்லிவிட்டார்.

அதை மெய்ப்பித்தும் காட்டினார். ஒற்றை விரலால்தான் தட்டுவார். தட்டும்போது மூச்சை அடக்கிக்கொள்வார். எதிரே காய்ச்சலோடு உட்கார்ந்திருப்பவரிடம், "இருப்பா, கம்ப்யூட்டர் ஏதோ கேக்குது" என்பார். கடவுச்சொல்லை ஒரு சீட்டில் எழுதித் திரையின் நெற்றியிலேயே ஒட்டிவைத்தார். நான் கிழித்துப் போட்டால் மறுநாள் அதைவிடப் பெரிய எழுத்தில் இன்னொன்று இருக்கும். என் முதுகு மறைந்ததும் பழைய அட்டையை எடுத்து அதில் எழுதுவார். எழுதியதைக் கவுண்ட்டரில் இருக்கும் அக்கா பிறகு கணினியில் ஏற்றுவார்.

அந்த அக்கா இன்னொரு தலைவலி. நாங்கள் இருவரும் ஆங் மோ கியோவில் குடியிருப்பவர்கள். அதனால் கிளினிக்கில் பாதியில் விட்ட புலம்பல் ரயிலிலும் என் கூடவே வரும். "ஏன்மா, உங்க சிஸ்டம் எதுக்கு எல்லாத்துக்கும் வியாதி கேக்குது? மருந்த போட்டா வியாதி போடுங்குது. வியாதி போடலன்னா சேவ் ஆக மாட்டேங்குது லா." அது அப்படித்தான், மருந்துக்குக் காரணம் சொல்லியே ஆக வேண்டும், அதுதான் பாதுகாப்பு என்று நான் கரடியாய்க் கத்தினேன். நின்றுகொண்டே பயணம் செய்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். அக்கா, "பாதுகாப்பா," என்று மட்டும் சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டார்.

அவர்களைத் திட்டிவிட்டு அலுவலகத்துக்குப் போனால் அங்கே மேலாளர் இருப்பார். கம்போங் எப்போது முடியும் என்பார். மருத்துவர் நோயாளியின் முகத்தைப் பார்த்துக்கொண்டே பதிவு செய்கிற மாதிரி ஒரு திரை செய்து கொடுங்கள் என்று கேட்டால், அடுத்த பதிப்பில் பார்க்கலாம் என்பார். அந்த அடுத்த பதிப்பு நாளை, நாளை என்று சொல்லும் கடன்காரனைப் போல வந்துகொண்டேயிருந்தது.

எப்படியோ முட்டி மோதிப் பழைய அட்டைகளையெல்லாம் அக்கா ஏற்றி முடித்தார். பொதுப் பதிவோடு இணைப்பும் கொடுத்தாயிற்று. இனி இந்தச் சந்துக்கு அடிக்கடி வர வேண்டாம் என்று நான் நிம்மதியாகக் கிளினிக்கில் உட்கார்ந்திருந்த ஒரு வெள்ளிக்கிழமை மதியம், அங்கே தொலைபேசி அடித்தது. டாக்டர் தொழுகைக்குப் போயிருந்தார். அக்கா எடுத்தார். ஆங்கிலம் வேகமாக வந்ததால் ஒலிபெருக்கியைப் போட்டு என்னையும் பார்த்தார்.

அழைத்தவர் ஒரு மருத்துவமனையின் அறுவை சிகிச்சைப் பிரிவில் இருக்கும் மருத்துவர். ஒரு தொழிலாளி வேலையிடத்தில் ஏணியிலிருந்து விழுந்துவிட்டான். வலது மணிக்கட்டு எலும்பு முறிந்து விலகியிருக்கிறது, விரல்கள் மரத்துப்போயிருக்கின்றன. இன்று மாலையே திறந்து தகடு வைப்பதாக இருந்தார்கள். ஆனால் உங்கள் கிளினிக் அனுப்பிய பதிவில் அவனுக்குச் சர்க்கரை, ரத்த அழுத்தம், இதயக் கோளாறு எல்லாம் இருக்கிறது, ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரையும் சாப்பிடுகிறான், கேட்டால் அவனும் ஆமாம் என்று தலையாட்டுகிறான். அதோடு திறந்தால் ரத்தப்போக்கு ஆபத்து. தள்ளிப் போட்டால் விரல்களில் உணர்ச்சி முழுதாகத் திரும்புமா என்பது சந்தேகம். கடைசியாக அந்த மாத்திரையை எப்போது கொடுத்தீர்கள்?

அக்கா பெயரைப் பார்த்தார். கையால் வாயைப் பொத்திக்கொண்டார். டாக்டர் வந்ததும் பேசச் சொல்கிறோம் என்று சொல்லி நான் தொலைபேசியை வைத்தேன்.

"அவனுக்கா சர்க்கரை? மூட்டை தூக்குறவன்மா அவன். அது அவங்கப்பா மாத்திரை," என்றார் அக்கா.

அப்போதுதான் எனக்குக் கதை தெரிந்தது. ஊருக்கு விடுமுறையில் போகிறவர்கள் பெட்டியில் பால்மாவு, தைலம், சாக்லேட்டோடு சிங்கப்பூர் மாத்திரையும் இருக்குமாம். இங்கே கிடைக்கும் மாத்திரைதான் கேட்கிறது என்று ஊரிலுள்ள பெற்றோருக்கு ஒரு நம்பிக்கை. டாக்டர் அப்பாவையோ அம்மாவையோ ஃபோனில் வீடியோவில் பார்ப்பார், அங்கே எடுத்த பரிசோதனை முடிவுகளைப் படமாக வாங்கிப் பார்ப்பார், அதே மருந்தை மகன் அட்டையில் எழுதிக் கொடுப்பார். பக்கத்தில் சிவப்பு மையில் 'அப்பா' என்று ஒரு சொல். கிளினிக்கில் எல்லாருக்கும் அதன் அர்த்தம் தெரியும். கணினி மட்டும், மாத்திரைக்கு வியாதி என்ன என்று கேட்டது. அக்கா அப்பாவின் வியாதிகளை வரிசையாகத் தேர்ந்தெடுத்துக் கொடுத்துவிட்டார். பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கான கதையாக, முப்பது வயதுகூட ஆகாத ஒருவன் நாட்டின் பதிவில் இதய நோயாளியாகிவிட்டான்.

"ஒரு வார்த்தை எழுதியிருக்கக் கூடாதாக்கா?"

"எழுதினேனே," என்று அக்கா திரையைக் காட்டினார். குறிப்பு என்ற கட்டத்தில் 'FATHER' என்று பெரிய எழுத்தில் இருந்தது. எங்கள் மென்பொருளில் குறிப்புக் கட்டம் கிளினிக்குக்குள்ளேயே நின்றுவிடும், பொதுப் பதிவுக்குப் போகாது. யார் அப்படிச் செய்யச் சொன்னார்கள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. என் கம்பெனியின் மேல் அன்றைக்கு வந்த கோபம் அதற்கு முன் வந்ததில்லை.

"சரி, இப்பவே கூப்பிட்டுச் சொல்லுங்க."

"டாக்டர் வரட்டும்மா. வெளியில தெரிஞ்சா அவர் லைசன்ஸுக்கே ஆபத்து. நான் எப்படிச் சொல்றது?"

"அந்தப் பையனே சொல்லியிருக்கலாமே, நான் சாப்பிடலைன்னு."

நோயாளியைப் பற்றிப் பேச எனக்கோ அனுமதி இல்லை, நான் மென்பொருள்காரி. வாசலில் போய் நின்றேன். தொழுகை முடிந்து ஆட்கள் தெருவை நிறைத்து வந்தார்கள். டாக்டர் கைபேசியை மேசை மேலேயே வைத்துவிட்டுப் போயிருந்தார், அதுவும் அவர் வழக்கம். கடைசியில் அவர் வந்தார், வழியெல்லாம் நின்று நின்று நலம் விசாரித்துக்கொண்டு. ஒரு ஆளின் நாக்கை நடுத்தெருவில் நீட்டச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தபோது நான் போய்க் கையைப் பிடித்து இழுக்காத குறையாகக் கூட்டி வந்தேன். நடந்தபடியே எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் நேராக உள்ளே வந்து தொலைபேசியை எடுத்தார். அந்த மாத்திரைகள் எதுவும் அவனுடையவை அல்ல, அவன் அப்பாவுக்காக நான் கொடுத்தவை, அவன் நல்ல ஆரோக்கியமானவன், தாமதிக்க வேண்டாம் என்று ஆங்கிலத்தில் நிதானமாகச் சொன்னார். எதிர்முனையில், அப்பாவை நேரில் பரிசோதித்தீர்களா என்று கேட்டார்கள்.

"இல்லை," என்றார் டாக்டர். "ஃபோனில்தான் பார்த்தேன். எழுத்தில் வேண்டுமானாலும் தருகிறேன்."

எழுத்தில் கேட்டார்கள். ஒற்றை விரலால் அவரே தட்டி அனுப்பினார். நான் உதவ வந்தபோது வேண்டாம் என்று தலையசைத்தார். அன்று மாலையே தகடு வைத்துவிட்டார்கள்.

அதன் பிறகு நான் பட்டதுதான் பெரிய பாடு. தவறாகப் போன வியாதிகளைப் பொதுப் பதிவிலிருந்து எடுக்க வேண்டும். எங்கள் அலுவலகம் கிளினிக்கைக் கேள் என்றது. கிளினிக்கிலிருந்து பொதுப் பதிவு அலுவலகத்தைக் கேட்டால், மென்பொருள் நிறுவனத்தைக் கேளுங்கள் என்றார்கள். இதற்கிடையில் டாக்டர், அப்பாவுக்கே தனியாக ஒரு பதிவு போட்டால் என்ன என்றார். அக்கா உடனே போட்டுப் பார்த்தார். இந்தியப் பின்கோடும் ஆறு இலக்கம், இங்கே அஞ்சல் குறியீடும் ஆறு இலக்கம். மன்னார்குடிப் பக்கத்துக் கிராமத்தின் எண்ணைக் கொடுத்ததும் கணினி மறுபேச்சில்லாமல் பெரியவரை ஜூரோங்கில் குடியேற்றிவிட்டது. அதை அழித்துவிட்டு, இனி யாராவது அப்பா என்று ஆரம்பித்தால் நான் வேலையை விட்டுவிடுவேன் என்றேன். மேலாளரோடு சண்டை போட்டு, மின்னஞ்சல் மேல் மின்னஞ்சலாக எழுதி, கடைசியில் ஒவ்வொரு வியாதிக்கும் மேலே 'தவறான பதிவு' என்று கோடு போட வைத்தேன்.

கோடு விழுந்ததைச் சரிபார்க்க நான் போயிருந்த அன்று அவன் வந்தான். கையில் மாவுக்கட்டு. விரல்களை மெதுவாக அசைத்துக் காட்டினான். கட்டைவிரல் மட்டும் இன்னும் கொஞ்சம் மரத்திருக்கிறதாம். கை தேறும்வரை கம்பெனி ஊருக்கு அனுப்புகிறது என்றான்.

எனக்குப் பொறுக்கவில்லை. "மாத்திரை சாப்பிடுறியான்னு கேட்டப்போ ஏன்ப்பா தலையாட்டினே?"

"இல்லன்னு சொன்னா யார் குடுத்தா, எதுக்குக் குடுத்தான்னு கேப்பாங்கல்லக்கா. டாக்டர் மாட்டிக்குவாரு." சொல்லிவிட்டு உள்ளே பார்த்தான். "அங்க சர்க்கரை இல்லாத டீதான் குடுத்தாங்க. ரத்தம் எடுத்துப் பாத்துட்டு, சுகர நல்லா கன்ட்ரோல்ல வச்சிருக்கேன்னு பாராட்டினாங்க."

அக்கா சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

உள்ளே போய், "அப்பாவுக்கு மாத்திரை, டாக்டர்," என்றான். டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். "இனிமே அது முடியாதுப்பா. ஊர்ல ஒரு நல்ல டாக்டர்கிட்ட காட்டுங்க. அதே மருந்து அங்கயும் கிடைக்கும்."

"இதுதான் கேக்குதுன்னு சொல்றாரு டாக்டர். எம்பேர்லதான் ஏத்தியாச்சே, அப்படியே குடுத்துருங்க."

"அதையெல்லாம் எடுத்தாச்சு," என்றேன் வாசலிலிருந்து.

அவன் என் பக்கம் திரும்பினான். முகம் தொங்கிப்போயிருந்தது. "திருப்பிப் போட முடியாதாக்கா?"

அவன் விளையாட்டுக்குக் கேட்கவில்லை.

டாக்டர், "அப்பாவுக்கு ஃபோன் போடு, நானே சொல்றேன்," என்றார். இடது கையால் தடவித் தடவி அழைத்தான். பெரியவர் திரையில் வந்தார். டாக்டர் முகத்தைக் கண்டதும், யாரும் கேட்காமலேயே கீழ் இமையை இழுத்துக் காட்டினார், அடுத்து நாக்கை நீட்டினார். டாக்டர் வழக்கம்போல இரண்டையும் உற்றுப் பார்த்தார். பிறகு, இனி மாத்திரை அனுப்ப முடியாது, அங்கேயே ஒரு டாக்டரிடம் போங்கள் என்று பக்குவமாகச் சொன்னார்.

"மாத்திரை கெடக்கட்டும் டாக்டர்," என்றார் பெரியவர். "விழுந்துட்டான்னு கூட வேல பாக்குற புள்ள சொல்லுச்சு. இவன் மூஞ்சிய மட்டும் காட்டி ஒண்ணுமில்லங்கிறான். அந்தக் கைய கொஞ்சம் காட்டச் சொல்லுங்க."

அவன் கட்டுப் போட்ட கையை மேசைக்கு அடியில் கொண்டுபோனான். எனக்கு வந்த எரிச்சலில் அவன் தோளைப் பிடித்து நேராக உட்காரவைத்தேன். ஃபோனை நான் வாங்கி அந்தக் கையின் பக்கம் திருப்பினேன். "விரல அசைச்சுக் காட்டு," என்றார் டாக்டர். அவன் ஒவ்வொன்றாக அசைத்தான். கட்டைவிரல் அசைகிறவரை பெரியவர் உற்றுப் பார்த்துக்கொண்டே இருந்தார்.