தடம் கேட்ட தங்கச்சி

மால்டோவா என்றொரு நாடு இருப்பதே அந்த அம்மா வந்தபிறகுதான் எனக்குத் தெரியும். சோவியத் ஒன்றியம் உடைந்தபோது தனியாகப் பிரிந்த சின்ன நாடு. அங்கே நில அளவைத் துறையில் அவர் அதிகாரி. கோவைக்குப் பயிற்சிக்காக வந்திருந்தார். “ஒரு நாள் ஃபீல்டுக்குக் கூட்டிட்டுப் போங்க” என்று மேலதிகாரி, சர்வேயரான என்னிடம் அவரை ஒப்படைத்தார்.

போனது கிணத்துக்கடவுப் பக்கம் ஒரு தோட்டத்துக்கு. அப்பா காலமானபின் அண்ணனும் தங்கையும் பாகம் பிரித்துக்கொள்கிறார்கள். ரோட்டை ஒட்டிய பாதி அண்ணனுக்கு, பின்பாதி தங்கைக்கு. தங்கை திருப்பூர் பனியன் கம்பெனியில் தைத்துக்கொண்டிருந்துவிட்டு, இனி விவசாயம்தான் என்று ஊர் திரும்பியவர். சண்டையில்லாமல் சரிபாதி கொடுக்கிற அண்ணன் எங்கள் பக்கத்தில் அபூர்வம். நான் அளந்து கல் நட வேண்டியதுதான் பாக்கி. இருவரும் தோட்டத்தில் எங்களுக்காகக் காத்திருந்தார்கள்.

விருந்தாளி வெயிலைப் பொருட்படுத்தாமல் எல்லையோரமாகச் சுற்றி வந்தார். பிறகு என்னிடம் ஆங்கிலத்தில், “பின்னால் இருக்கிற நிலத்துக்கு எப்படிப் போவார்கள்?” என்று கேட்டார்.

“ஏனுங்க சார், அந்தம்மா என்ன கேக்கறாங்க?” என்றார் அண்ணன்.

“தங்கச்சி காட்டுக்குத் தடம் எங்கேன்னு கேக்கறாங்க.”

“எம்பட காட்டு வழியாப் போயிக்குவா. பொறந்தவள நான் வேண்டாம்னா சொல்லப்போறேன்?”

அதை நான் சொன்னதும் விருந்தாளி தலையசைத்தார். பிறகு தன் அம்மாவைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். நான் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன்.

அவருடைய அம்மா அரசாங்கக் கூட்டுப்பண்ணையில் திராட்சை பறித்தவர். பண்ணையைக் கலைத்து, உழைத்தவர்களுக்கே நிலத்தைப் பங்கு போட்டுக் கொடுத்தார்கள். தன் பேரில் நிலம் வந்த அன்று அம்மா அழுதேவிட்டாராம். ஆனால் அந்தத் துண்டைச் சுற்றி நாலு பக்கமும் மற்றவர்களின் துண்டுகள். பழகியவர்கள் இருந்தவரை வழிவிட்டார்கள். பிறகு பக்கத்து நிலம் கை மாறியது. புதிதாக வாங்கியவர் நடைபாதையையும் சேர்த்து உழுதுவிட்டார். வண்டி உள்ளே போக முடியாமல் ஒரு வருஷத் திராட்சை கொடியிலேயே அழுகிப்போனது.

“நிலம் இன்னும் அம்மா பேரில்தான் இருக்கிறது. அம்மாவால்தான் அதில் கால் வைக்க முடியவில்லை. நான் இந்த வேலைக்கு வந்ததே அதனால்தான்” என்று முடித்தார்.

அதுவரை வாயே திறக்காத தங்கை அண்ணன் பக்கம் திரும்பினார்.

“நீங்க இருக்கற வரைக்கும் எனக்குப் பயமில்லீங்ணா. நாளைக்கு உங்க பையன் இதை வித்துப்போட்டா நான் எங்க போவேன்? தடம் பத்திரத்துல ஏறோணும். இல்லீன்னா நான் கையெழுத்துப் போடமாட்டேன்.”

பார்வையை அவர் விலக்கவில்லை. அண்ணன் முகம் கறுத்தது. மோட்டார் ரூம் பக்கம் நடந்துவிட்டார்.

“நான் பேசியது தப்பா?” என்று விருந்தாளி மெதுவாகக் கேட்டார்.

கொஞ்ச நேரம் கழித்து அண்ணன் கடப்பாரையோடு வந்தார். “நீ கேக்கறது ஞாயந்தான் அம்மணி. சார், வேலியோரமா டிராக்டர் போறாப்பல அளந்து உடுங்க. என் பாதியிலயே போகட்டும்” என்று சொல்லி, கல்லுக்குக் குழியையும் அவரே தோண்டினார். விருந்தாளி தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டார்.

அடுத்த தக்காளி சீசனில் அந்தப் பக்கம் போயிருந்தேன். வேலியோரத் தடத்திலிருந்து ஒரு டெம்போ பெட்டி பெட்டியாகத் தக்காளியோடு ரோட்டுக்கு ஏறியது. டிரைவர் பக்கத்தில் தங்கை.

“மார்க்கெட்டுக்கு நேரமாச்சுங்க சார், அப்பறமா ஊட்டுக்கு வாங்க!” என்று கத்திக்கொண்டே போய்விட்டார்.