எங்கள் பக்கத்தில் ஆபத்துக்கு வந்த கிராக்கி

தீவிரவாதிகள் வந்தால் எந்த இடத்தில் அதிக உயிர் போகும் என்று பார்த்து, அந்த இடத்துக்கு முன்னெச்சரிக்கை நிதியைக் கொடுக்கச் சொல்லி எழுதுவதுதான் என் வேலை. ராஜபாளையமும் ஸ்ரீவில்லிபுத்தூரும் என் தலையில். இந்தத் தடவை வந்த பணமோ ஒரே ஒரு இடத்துக்குத்தான் காணும். பத்துப் பேர் கேட்டு ஒருத்தருக்கு மட்டும் கொடுக்கிற நாற்காலியில் உட்கார்ந்தவர்களுக்கு என் பாடு தெரியும்.

போட்டி

ராஜபாளையத்தில் கூட்டம் போட்டு, யாருக்கு ஆபத்து அதிகம் என்று கேட்டேன். அந்த வாயை வைத்துக்கொண்டு நான் சும்மா இருந்திருக்கலாம். ஷிப்டு மாறும்போது கேட்டில் எம்புட்டுக் கூட்டம் தெரியுமா என்றார் ஒரு மில்காரர். ஆலங்குளத்துக் குவாரிக்காரர், வெடிமருந்தே எங்களிடம்தான் இருக்கிறது என்று பெருமையாகச் சொன்னார். 

கடைசியில் ஒரு காலனிக்காரர் எழுந்தார். அவர் காலனியில் கூட்டமும் கிடையாது, கட்டிடமும் கிடையாது. "தண்ணித் தொட்டி கேட்டோம், தரல. ரோடு கேட்டோம், தரல. ஆபத்தாவது எங்களுக்குக் குடுங்க மேடம்."

கேட்பாரற்ற பை

பஸ் ஸ்டாண்டில் ஒத்திகை. பெஞ்சில் ஒரு பையை வைத்துவிட்டுத் தள்ளிப் போய் நின்றுகொண்டேன். யாராவது பார்த்துப் பதறி போலீசுக்குச் சொல்ல வேண்டும், அதுதான் பாடம். செத்த நேரத்தில் டீக்கடைக்காரர் அந்தப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு மூச்சிரைக்க என்னிடமே ஓடி வந்தார். 

"என்ன மேடம், இப்பிடி வச்சிட்டு வந்துட்டிய? வெலாசம் இருக்கான்னு தொறந்து பாத்தேன், ஒரே செங்கலா இருக்கு."

சாகுல் பாய் கேட்ட கேட்டு

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு கடைத்தெரு. உள்ளே போக ஒரே வழி, கடைசியில் சுவர். திருவிழா நாளில் அதற்குள் காற்றுகூடப் போகாது. அங்கே குடைக்கடை வைத்திருக்கும் சாகுல் பாய்தான் என்னைக் கூட்டிக்கொண்டு போய் அந்தச் சுவரைக் காட்டினார். போன திருவிழாவில் கரண்டு கம்பி அறுந்து விழ, ஜனங்கள் இங்கே ஓடி வந்து நெருக்கியடித்ததில் அவர் மகள் கால் எலும்பு முறிந்துவிட்டதாம். கம்பிக்கே இந்தக் கதி என்றால் குண்டுக்கு என்ன ஆகும்?  அன்றைக்கே இந்தத் தெருவுக்கு நிதி கொடுக்கச் சொல்லி எழுதிவிட்டேன்.

"பெருசா ஒண்ணும் வேண்டாம் மேடம். இந்தச் சுவத்துல ஒரு கேட்டு, அம்புட்டுத்தான்."

போர்டு

பணம் வந்தது, கூடவே ஒரு விதியும் வந்தது. நிதி வாங்கிய இடத்தில் 'தீவிரவாத அபாயம் மிகுந்த பகுதி' என்று போர்டு வைக்க வேண்டும். போர்டு வைக்க வேண்டிய தெரு முனையில் பள்ளிவாசல். சாகுல் பாய் போர்டைப் படித்துவிட்டு என்னைப் பார்த்தார். "பள்ளிவாசத் தெருவுல இத வச்சா, படிக்கவன் எங்களையில்ல மேடம் ஒரு மாதிரியாப் பாப்பான்?" அதே தெருவில் பூக்கடை வைத்திருக்கும் முருகேசனுக்குக் கோபம் வந்துவிட்டது, கேட்டும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம் என்றார். மேலதிகாரிக்குப் போன் போட்டேன். போர்டு இல்லாமல் பணம் இல்லை என்று சொல்லி வைத்துவிட்டார். எனக்கு அவமானமாக இருந்தது.

சாகுல் பாய் போய் அந்தச் சுவரைக் கையால் தட்டிப் பார்த்தார். பொறவு சொன்னார்: "தெரு முனையில வைக்காதீக. மத்தவுக யாவாரம் கெட வேண்டாம். என் கடை வாசல்ல வைங்க. நாளைக்குப் புள்ளைக ஓடுததுக்கு வழி வேணும்லா."

இப்போது சுவரில் கேட் இருக்கிறது, அவர் கடையில் வியாபாரம் இல்லை, அந்தத் தெருவில் ஆபத்து குறைந்துவிட்டதா என்று அறிக்கை கேட்டு மேலிடம் எனக்கு எழுதியிருக்கிறது.