அடிக்காத காலிங்பெல்

அருணகிரியும் மகள் ஜெயப்பிரியாவும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை ஒரு டியூப்லைட் மாற்றியது. செங்கல்பட்டு ரயில் நிலையத்துக்குப் பின்தெருவில் ஒரு ஏ.சி. மினி ஹால். எலக்ட்ரீஷியன் அப்பா ஏணிமேல் நின்றார். கல்பாக்கத்தில் எஞ்சினீயரான மகள் ஏணியைப் பிடித்தாள். எம்.டெக். படிப்பு அதற்காவது உதவியதே என்றார் அப்பா.

இறங்கியதும் ஹால்காரர் வெங்கடேசன் பழைய புகாரை எடுத்தார்: வாசல் நிலையில் கோணலாக நிற்கும் காலிங்பெல் அடிக்கவில்லை.

“நாளைக்கு பாத்துடலாம் சார்.”

அந்த ‘நாளைக்கு’வுக்கு முப்பது வயது. கட்டடம் யூத வியாபாரிகள் கட்டிய ஜெபாலயம். அவர்கள் ஊரைவிட்டுப் போனபின் அரிசி குடோன், டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட், கம்ப்யூட்டர் சென்டர். இப்போது வளைகாப்பும் மஞ்சள் நீராட்டும். வந்தவர்கள் எல்லாரும் வாஸ்து பார்த்தார்கள். பெல்மேல் ஒரு கோட் பெயின்ட் அடித்தார்கள். ரிப்பேருக்கு அருணகிரியைக் கூப்பிட்டார்கள். அவர் ஒருமுறை திறந்து பார்த்து மூடியதோடு சரி. தெருவில் ‘பெல்லு அருணகிரி’ என்று பெயர் விழுந்தது. பெரிய வேலைகள் வேறு ஆட்களுக்குப் போயின.

ஜெயப்பிரியாவும் விடவில்லை. “ரெண்டு வயருப்பா. அஞ்சு நிமிஷ வேலை.”

“நீ ரியாக்டர பாத்துக்கோம்மா. வாசல நான் பாத்துக்கறேன்.”

பத்தாம் நாள் அருணகிரிக்கு மாரடைப்பு. துக்கம் கேட்க வந்த வெங்கடேசன், மனிதர் தங்கம், பெல் ரிப்பேர் ஒன்றுதான் கடைசிவரை கைவரவில்லை என்றார். கையோடு ஹாலை விற்ற செய்தியையும் சொன்னார். காரியம் முடிந்த அடுத்த திங்கட்கிழமை இடிக்க ஜேசிபி வருகிறது.

காரியத்துக்கு மறுநாள் அவள் அப்பாவின் டூல் பையைக் கவிழ்த்தாள். டெஸ்டருக்கு அடியில் மடித்த தாள். மேலே யாரோ எழுதிய மும்பை முகவரி. கீழே அப்பாவின் கையெழுத்து:

“பெல் இல்லை. உள்ளே யூதர்களோட வேத வரிகள், தோலில் எழுதியது. பார்க்க வந்த அவங்க பெரியவர் அதைத் தொட்டு விரலை முத்தமிட்டார். இடித்தால் கழற்றி அனுப்பச் சொன்னார். சரி என்றேன். இங்கே யாருக்கும் தெரியக் கூடாது, விற்றுவிடுவார்கள்.”

ஞாயிறு காலை ஸ்க்ரூடிரைவரோடு போனாள். சுரண்டியதில் நாலு கோட் பெயின்ட். அணு உலையில் வயர் வயராகச் சோதித்துக் கையெழுத்துப் போடுகிறவள், இதற்கு வயர் வருகிறதா என்று ஒருநாளும் பார்த்ததில்லை.

“இடிக்கப் போற வூட்டுக்கு இன்னாத்துக்கும்மா பெல்லு?” என்றார் வெங்கடேசன்.

“அப்பா ஒத்துக்கிட்ட வேலை.”

பெட்டியைக் கழற்றி டிபன் பையில் வைத்து, தாளை மறுபடி பிரித்தாள். கடைசி வரி: ரிஜிஸ்டர் தபால். முடிந்த வேலைக்கெல்லாம் அப்பா போடும் டிக் அதன் பக்கத்தில் இல்லை.