மிதி அசையாத தையல் மெசின்

என் மனைவிக்கு இரண்டு வீடுகள். ஒன்றில் நாங்கள் குடியிருக்கிறோம். கலியாணத்தின்போது அவளுக்கு எழுதப்பட்ட வீடு அது. எங்கள் பக்கத்து வழக்கப்படி நான் ஒரு பெட்டியோடு அதற்குள் வந்து சேர்ந்தவன். மற்றது கணினிக்குள் இருக்கிறது. வீடு கட்டி, ஆட்களைக் குடிவைத்து, அவர்கள் சமைப்பதையும் சண்டைபிடிப்பதையும் பார்த்துக்கொண்டிருக்கும் ஒரு விளையாட்டு. கந்தோர் வேலை முடிந்து வந்து தேத்தண்ணி குடித்ததும் அவள் அந்த வீட்டுக்குப் போய்விடுவாள். நான் குறை சொல்வதில்லை. அந்த வீட்டிலும் ஒரு கணவன் இருக்கிறான். சொன்னவுடன் குப்பையை வெளியே கொண்டுபோகிறான். ஒப்பீடு எதுவும் எழும்பாமல் இருப்பது எனக்கு நல்லது.

அந்த வீட்டுக்கு ஒரு தையல் மெசின் வேண்டும் என்று அவளுக்கு ஆசை வந்தது. விளையாட்டோடு வரும் சாமான்களில் அது இல்லை. ஆனால் விளையாடுகிறவர்களே கதிரை, அலுமாரி, கறிச்சட்டி என்று செய்து மற்றவர்களுக்குச் சும்மா கொடுக்கிற ஓர் உலகம் இருக்கிறது. அங்கே தேடி, காலால் மிதிக்கும் மெசின் ஒன்றைக் கண்டுபிடித்தாள். யாரோ ஒரு பனிதேசத்து மனிதர் விளையாட்டின் பழைய பதிப்புக்காகச் செய்தது. புதிய பதிப்பில் அது திறக்காது. கன்வெர்ட் பண்ண வேண்டும். அதாவது, அவர் செய்த உருவத்தை எடுத்து, புதிய பதிப்புக்கு ஒத்துப்போகிற மாதிரித் திரும்ப உடுத்திவிட வேண்டும்.

அவருடைய இணையப் பக்கத்தில் நிபந்தனை இருந்தது: மாற்றலாம், முதலில் என்னைக் கேளுங்கள், என் பெயரைப் போடுங்கள்.

கேட்டாள். பதில் இல்லை. பதில் வரும்வரைக்கும் என்று வேலையைத் தொடங்கினாள். அந்த மெசினில் ஒரு குறை. சக்கரம் சுற்றும், ஊசி ஏறி இறங்கும், மிதி மட்டும் சீமெந்து பூசியதுபோல் நிற்கும். விளையாட்டில் தைக்க உட்காரும் பொம்மைப் பெண்ணின் பாதத்தோடு மிதியும் அசைய வேண்டும் என்று இவள் மாதக்கணக்கில் மல்லுக்கட்டினாள். அந்த நாட்களில் எங்கள் வீட்டுக் கறிகளில் உப்பு கூடிக் குறைந்தது. கடைசியில் மிதி அசைந்தது. பதில் மட்டும் வரவில்லை. அவளோடு விளையாடும் பெண்களோ, எப்போது தருவீர்கள் என்று நச்சரித்துக்கொண்டிருந்தார்கள்.

உன்னிச்சையில் வயல் செய்யும் அவளுடைய தம்பி, புது அரிசி கொண்டுவந்தவர், கதையைக் கேட்டுச் சிரித்தார்.

"அக்கா, அந்தாளுக்குத் தெரியவா போகுது? உங்கட பேரப் போட்டு விடுங்க."

"உன்ர வட்டைக்குள்ள ஒருத்தன் பூந்து வெள்ளாமைய வெட்டிப்போட்டு, சொந்தக்காரனக் காணல்ல, அதான் வெட்டினன் எண்டா நீ விடுவியா?"

"நான் அங்கதானே நிப்பன்."

"இப்ப இஞ்ச நிண்டு என்ர தேத்தண்ணியக் குடிக்கிறாய்."

தம்பி கோப்பையைக் கீழே வைத்தார். "அப்ப அந்தாள் போய்ச் சேந்திருப்பார் அக்கா. உயிரோட இருக்கிற மனிசன் இவ்வளவு நாளா வாய் திறக்காம இருப்பானா?"

முதலில் செய்தவர் பெயரைச் சொல்லுவதில் என் மனைவி எப்போதுமே கறாரானவள். நானும் ஒருவகையில் கன்வெர்ட் பண்ணப்பட்ட சாமான்தானே; ஒரு வீட்டுக்கென்று செய்து இன்னொரு வீட்டில் பொருத்தப்பட்டவன். என்னில் ஒரு பழுது தெரிந்தால் போதும், "எல்லாம் உங்கட அம்மா வளத்த வளர்ப்பு" என்று உரியவருக்கு உரியதை உடனே கொடுத்துவிடுவாள்.

ஆள் போய்ச் சேர்ந்திருப்பார் என்று தம்பி சொன்னது எங்கள் இரண்டு பேருக்குமே நியாயமாகப் பட்டது. எங்கள் ஊரில் ஓர் ஆள் பதில் பேசாவிட்டால் கோபம் என்று எடுப்போம். கோபத்துக்குக் காரணம் இல்லையென்றால் மரணம்தான். வேறு நிலைமைகளை நாங்கள் யோசித்துப் பழகவில்லை. போதாக்குறைக்கு, மதில்களிலும் லைட் கம்பங்களிலும் ஒட்டிய மரண அறிவித்தல்களை நின்று வாசிக்காமல் என்னால் கடைத்தெருவைக் கடக்க முடியாது.

ஆகவே பெயர் போடும் பொறுப்பு, நாலு புத்தகம் படித்தவன் என்பதால், என்னிடம் வந்தது. அவள் கேட்டது ஒரு வரி. நான் எழுதியது மரண அறிவித்தல். அன்னார் ஒப்பற்ற கலைஞர் என்றும், கதிரைகளையும் மேசைகளையும் கட்டில்களையும் ஆறாத் துயரில் விட்டுச் சென்றார் என்றும் ஆங்கிலத்தில் உருகியிருந்தேன். குடும்பத்தார் யாராவது விரும்பாவிட்டால் உடனே எடுத்துவிடுவோம் என்ற வரியை அவள் சேர்க்கச் சொன்னாள். வாசித்து மூக்கை உறிஞ்சினாள். பிறகு மெசினை வெளியிட்டாள்.

ஒரு வாரம் எல்லாரும் மிதியை மெச்சினார்கள். பிறகு அந்த மனிதரிடமிருந்து கடிதம் வந்தது.

பெயரைக் கண்டதும் அவள் கதிரையைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டாள்.

"ஆள் இருக்கார்," என்றாள். "சம்மதமில்லாமப் போட்டுட்டன் எண்டு எழுதியிருப்பார். இனி ஒருத்தியும் என்ர சாமானத் தொடமாட்டாள். கள்ளி எண்டுதான் சொல்லுவாளுகள். நீங்க வாசிங்க, எனக்கு ஏலாது."

வாசித்தேன். தான் உயிரோடு இருப்பதாக முதல் வரியிலேயே தெரிவித்திருந்தார். பிள்ளைகள் பிறந்ததில் விளையாட்டு நின்றுபோனதாம். எங்கள் அறிவித்தலைப் பார்த்துப் பழைய நண்பர்கள் அனுதாபம் எழுதியிருக்கிறார்கள். தன்னைப்பற்றி இவ்வளவு நல்ல வார்த்தைகளை அவர் உயிரோடிருந்த காலத்தில் கேட்டதில்லையாம்.

"பகிடிய விடுங்க. எடுக்கச் சொல்றாரா?"

"கொஞ்சம் பொறு புள்ள."

எடுக்கச் சொல்லவில்லை. அந்த மிதியோடு தானும் முட்டிமோதித் தோற்றுப்போய், அசையாதபடியே விட்டதாக எழுதியிருந்தார். 'இதை அசைய வைத்தது யார்? அறிவித்தலில் செத்துப்போன என் பெயர்தான் இருக்கிறது. மிதி என்னுடைய வேலை இல்லை. அந்த ஆளின் பெயரையும் பக்கத்தில் போடாவிட்டால் அனுமதி இல்லை.'

 அவள் கதிரையை இழுத்துப்போட்டு, என் இரங்கலை முழுவதுமாக அழித்தாள். உருவம் என்று எழுதி அவர் பெயர். கீழே, மிதி என்று எழுதித் தன் பெயர். தன் பெயரை ஒருமுறை அழித்துவிட்டுத் திரும்ப எழுதினாள்.

"அந்தக் குறிப்பு எழுதினது நான்," என்றேன். "எனக்கும் ஒரு மூலையில..."

"உங்களுக்கு எதுக்கு? ஆளச் சாகடிச்சதுக்கா?" என்றாள், திரும்பாமலே.